வியட்நாம் மாந்தோப்பில் தொங்கிய என் துண்டு

போன வருஷம் எங்கள் ஊரான முதலமடையில் மாங்காய் சீசன் முடிந்து, கடைசி லோடும் லாரி ஏறிப் போன பிறகு, நானும் என் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு வெளிநாடு சுற்றப் புறப்பட்டோம். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா. டூர் கம்பெனி கிடையாது, கூட்டிப் போக ஆள் கிடையாது. மாசக் கணக்கில் சுற்றிவிட்டு வந்தோம். எங்கள் வட்டாரத்தில் அறுபத்தைந்து தாண்டி இப்படிப் போய் வந்தவன் நான் ஒருத்தன்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இருக்க மாட்டார்கள்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தாங்கவில்லை. அடுத்தவர் தோப்பில் தொரட்டி பிடித்து மாங்காய் பறிக்கப் போனேன். பறித்த தோப்பையே பிறகு குத்தகைக்குப் பிடித்தேன், குத்தகைக்குப் பிடித்ததையே விலைக்கு வாங்கினேன். இன்றைக்கு முதலமடையில் என் தோப்புக் காய் வராமல் சீசன் தொடங்கியதாக எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான். எல்லாம் இந்தக் கையும் இந்த வாயும் சம்பாதித்தது. இந்தக் கதை அந்த வாயைப் பற்றியது.

பையன் கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் அவனே பாஸ்போர்ட் எடுத்து வைத்து, சிங்கப்பூருக்கு ஒரு சின்ன டூர் போட்டுத் தருவதாகச் சொன்னான். சாயக்கடையில் இந்தப் பேச்சு வந்தது. முன்னால் ஒருத்தன் கொடி பிடித்து நடக்க, பின்னால் செம்மறியாட்டுக் கூட்டம் மாதிரிப் போவதற்கு நான் ஆளில்லை என்று சொன்னேன். போனால் வெள்ளைக்காரப் பசங்கள் போகிற மாதிரி பையை மாட்டிக்கொண்டு, நினைத்த ஊரில் இறங்கி, நினைத்த நாள் தங்கிச் சுற்றுவேன் என்றேன்.

சாயக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, “பக்கத்துல இருக்கற கொல்லங்கோடு தாண்டுனா பாஸ்போர்ட்டு கேப்பாங்களான்னு யோசிக்கற ஆளுங்க நீங்க” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சூடேறிவிட்டது. மழை பிடித்ததும் கிளம்புகிறேன், மரம் பூக்கும் முன்னால் திரும்புகிறேன், நாலு நாடு பார்க்காமல் வந்தால் இந்தக் கடையில் டீ குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வீடு போய்ச் சேருவதற்குள் அந்தப் பேச்சு எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்காரி மறுப்பாள், அதைச் சாக்காக வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அவள் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். அப்போதுதான் தெரிந்தது, சமையல் கட்டில் போனைச் சாய்த்து வைத்து இத்தனை நாள் அவள் பார்த்தது சீரியல் இல்லை. பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற ஜோடிகளின் வீடியோக்கள். பாங்காக்கிலிருந்து லாவோஸுக்கு எந்த ஸ்டேஷனில் ரயில் ஏற வேண்டும் என்பது முதலமடையில் இருக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் பத்தாவது வரை படித்தவள். எனக்கும் அவளுக்கும் இருக்கும் அந்த ஆறு வகுப்பு வித்தியாசத்தை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை, பாங்காக் ஏர்போர்ட்டில் இறங்கும் வரை. அங்கே போர்டு படிக்கத் தெரியாமல் நான் முழித்தபோதுதான், “நாலாங்கிளாஸு எம் பின்னாலயே வாங்க” என்று வெளியே கூட்டிப் போனாள்.

போன கதையை முழுதும் சொன்னால் ஒரு புத்தகம் போதாது. ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கிற இடத்தில் தங்கினோம். கட்டிலுக்கு மேல் கட்டில். மேல் கட்டிலுக்கு ஏணி வேண்டாமென்று மாமரம் ஏறுகிற மாதிரி ஏறிக் காட்டினேன், வெள்ளைக்காரப் பெண்கள் கை தட்டினார்கள். மறுநாள் காலையில் என் குறட்டைக்காக வேறு அறைக்கு மாறிப் போனதும் அதே பெண்கள்தான். சின்ன குக்கரில் ரசம் வைத்தோம். வீட்டுக்காரி சேலையை மடித்து வைத்துவிட்டுச் சுடிதாரும் ஓடுகிற ஷூவும் போட்டுக்கொண்டாள். எனக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாய் மட்டும், ஆஸ்பத்திரி நர்ஸ் டியூட்டி முடிந்து போகிற மாதிரி இருக்கிறது என்றது.

இந்த வாயின் தொழில் என்ன என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மாங்காய் வியாபாரத்தில் ஒரு தோப்பு மனசுக்குப் பிடித்துவிட்டால் அதை முகத்தில் காட்டக் கூடாது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் தோப்புக்குள் நுழைய வேண்டும். ஒரு கிளையை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும். பூ கருகிவிட்டது, மண்ணில் உப்பு ஏறிவிட்டது, காய் ஒரே சீராக இல்லை என்று வரிசையாகக் குறை சொல்ல வேண்டும். தோப்புக்காரருக்கும் இது தெரியும். குறை அதிகமாகச் சொன்னால் இவன் வாங்கப் போகிறான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்படுவார். தோப்பு பிரமாதம் என்று ஒருவன் சொன்னால்தான் பயம், அவன் வாங்காமல் போகப் போகிறான் என்று அர்த்தம். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நான் குறை சொல்லிக் கேட்பதற்காகவே வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

லாவோஸில் ஒரு மலையோர ஊரில் மூங்கில் வீடு ஒன்றில் தங்கப் போனோம். கீழே ஆறு, எதிரே மலை. எனக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டேன். மூங்கிலில் வண்டு விழுந்திருக்கிறது, கூரை ஒரு மழைக்குத் தாங்காது, இதற்கெல்லாம் வாடகை கேட்பது அநியாயம் என்று எனக்குள் பேசுகிற மாதிரிப் பேசினேன். எனக்குத் தெரியாதது ஒன்று. வீட்டுக்காரியின் போனில் ஒரு வித்தை இருந்தது. நாம் தமிழில் பேசினால் அந்த ஊர்ப் பாஷையில் சத்தமாகச் சொல்லும், அவர்கள் பேசினால் தமிழில் சொல்லும். அவள் கையில் அது விழித்துக்கொண்டிருந்தது. நான் சொன்ன ஒவ்வொன்றையும் அது வீட்டின் சொந்தக்காரரிடம் ஒப்பித்துவிட்டது. அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. எங்கள் பைகளை அவரே தூக்கி வந்து வாசலில் வைத்து, கும்பிட்டு, சாலையைக் காட்டினார். மழையில் நனைந்துகொண்டு பஸ் நிற்கிற இடம் வரை நடந்தோம்.

அங்கே வைத்து வீட்டுக்காரி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: “இன்னொருக்கா இப்படிக் குறை சொன்னீங்கன்னா, உங்களுக்கு மட்டும் டிக்கெட்டு போட்டு ஊருக்கு ஏத்தி உட்டுருவனுங்க. மிச்ச நாட்டை நான் பாத்துட்டு வந்துக்கறேன்.”

அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சோற்றுக்கு உலை வைக்கவா என்று கேட்கிற குரலில் சொன்னாள். எனக்கு உடனே சாயக்கடை பெஞ்சு கண் முன்னால் வந்தது. நான் தனியாகப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன். அம்மிணி எங்கே என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் முதலமடையில் மாங்காய் வியாபாரம் செய்ய முடியுமா? வாயைக் கட்டினேன். வியட்நாமில் வடக்கிலிருந்து தெற்கே வரும் வரை நான் யாரையும் எதையும் குறை சொல்லவில்லை. வாய்க்குள்ளேயே புண் வந்த மாதிரி இருந்தது.

வியட்நாமின் தெற்குக் கோடியில் ஒரு பெரிய ஆறு பல கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. அங்கே ஒரு மாந்தோப்புக்குள்ளேயே வாடகைக்கு அறை கிடைக்கிறது என்று வீட்டுக்காரி கண்டுபிடித்து வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்றுதான் அங்கே கூட்டிப் போனாள், அதையும் சொல்லிவிடுகிறேன். தோப்பின் சொந்தக்கார அம்மாளுக்கு எங்கள் வயதுதான். தனியாளாகத் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர். அவரும் வீட்டுக்காரியும் போனை நடுவில் வைத்துக்கொண்டு, வந்த அரை மணியில் பிள்ளை குட்டி, மூட்டு வலி வரை பேசி முடித்துவிட்டார்கள். சாயங்காலம் எங்களைத் தோப்பு பார்க்கக் கூட்டிப் போனார்.

அந்தத் தோப்பை நான் எப்படிச் சொல்வேன். எங்கள் ஊர் வறண்ட பூமி. மாமரத்தை வெயிலில் காய வைத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். அங்கே இரண்டு வரிசை மரத்துக்கு நடுவே தண்ணீர் ஓடுகிறது, மரத்துக்கு மரம் சின்னப் படகில் போகிறார்கள். ஒவ்வொரு காய்க்கும் தாளில் தைத்த பை மாட்டியிருக்கிறார்கள். அது ஐப்பசி மாதம். எங்கள் ஊரில் மரம் பூக்கவே தொடங்கியிருக்காது. அங்கே கை நிறையக் காய் தொங்குகிறது. வருஷத்தில் முதல் மாங்காய் எங்களுடையது என்று இத்தனை காலமும் மார் தட்டியவன் நான். அப்படி ஒரு தோப்பை என் ஆயுசில் பார்த்ததில்லை.

அவ்வளவு பிடித்துப்போனதால் வாய் கட்டை அறுத்துக்கொண்டது. குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தேன். உதடு தானாகப் பிதுங்கியது. இப்படித் தண்ணி நின்றால் வேர் அழுகிப் போகும் என்றேன். கிளை கழித்துக் கவாத்து பண்ணத் தெரியாத ஆள் வைத்த தோப்பு என்றேன். காய்க்குச் சட்டை மாட்டி விட்டால் பூச்சி வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுமா என்றேன். இன்னும் ஏதேதோ சொன்னேன், நல்ல வேகத்தில் இருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல் வியட்நாம் பாஷையில் பேசிக்கொண்டே வருவது அப்புறம்தான் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரியின் கையில் போன்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். போன் அதை ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழில் சொன்னது: “உங்கள் கணவருக்கு உடல்நலம் சரியில்லையா?”

அந்த அம்மாள் பக்கத்து மரத்தில் கையை வைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். போன் அதையும் அதே குரலில் வாசித்தது: “இந்த மரங்களை நானும் என் கணவரும் நட்டோம். அவர் இப்போது இல்லை.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. அந்த அம்மாள் வீட்டுக்காரிக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். என் தட்டும் நிறைந்துதான் இருந்தது, ஆனால் யார் வைத்தார்கள் என்று தெரியாத மாதிரி வைத்திருந்தது. அறைக்குப் போனதும் வீட்டுக்காரி போனைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “டிக்கெட்டு போட்டாச்சுங்க. நாளைக்கு மத்தியானம் படகுல டவுனுக்குப் போயி, அங்கிருந்து ஏர்போர்ட்டுக்குப் பஸ்ஸு. விசாரிச்சுப் போயிக்குவீங்கல்ல?”

அப்போ நீ வரவில்லையா என்று கேட்டேன்.

“கம்போடியா பாக்கி கெடக்குதுங்களே.”

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு படகு வந்து தோப்போரம் நின்றது. தொப்பி போட்ட ஓர் ஆள் இறங்கினான். அவன் பேசியது ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கிளையை ஆட்டினான், உதட்டைப் பிதுக்கினான். ஒரு காயின் தாள் பையைத் திறந்து பார்த்து, செத்த எலியைப் பார்த்த மாதிரி மூடினான். குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தான். நான் வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். மாங்காய் வியாபாரி! என் ஜாதகத்தில் பிறந்தவன்! நான் முந்தின நாள் செய்ததை ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தான், என் அளவுக்கு நேர்த்தி இல்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மாள் தோப்புக் காய்க்கு ஒரு விலை சொன்னார் போலிருக்கிறது. அவன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, கை வீசிக்கொண்டு படகைப் பார்த்து நடந்தான். அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கி, அவனைக் கூப்பிடப் போனார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். அவன் தொப்பி ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் இதுவும் உண்டு. வேண்டாம் என்று சொல்லிப் போகிற வியாபாரி, தோப்பு தனக்கு வேண்டும் என்றால் துண்டையோ குடையையோ மறந்த மாதிரி விட்டுவிட்டுப் போவான். திரும்பி வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. நான் ஓடிப் போய் வீட்டுக்காரியின் கையிலிருந்த போனைப் பார்த்து, அந்த வித்தையை முதல் தடவையாகத் தெரிந்தே பயன்படுத்தினேன். கூப்பிடாதீங்க அம்மா, அவன் வருவான், தொப்பி இங்கேதான் இருக்கிறது என்றேன். போன் சொன்னது. அந்த அம்மாள் தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவனைக் கூப்பிடாமல் நின்றார்.

படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போய் நின்றது. அவன் தலையைத் தடவிக்கொண்டு தொப்பியைத் தேடி வந்தான். வந்தவன் தொப்பியை எடுக்கவில்லை, அந்த அம்மாள் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். போன் வாசித்தது: “நேற்று நீங்கள் என் தோப்பை விலைக்கு வாங்க விரும்பினீர்களா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இதைவிடப் பெரிய மரியாதை என்னிடம் கிடையாது என்றும் சொன்னேன். அவர் எனக்குத் தன் கையால் ஒரு பழம் அறுத்துக் கொடுத்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்காரியிடம் போய், பார்த்தாயா, பாஷை தெரியாத அம்மாளுக்கே என் மனசு புரிந்துவிட்டது, டிக்கெட்டை ரத்து பண்ணு என்றேன்.

அவள் என் பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: “ஏனுங்க, மாங்கா யாவாரத்துல உங்களுக்குத் தெரியாதது இல்ல. தோப்பை வாங்கி முடிச்ச பொறவும் குறை சொல்லிட்டே இருக்கற யாவாரிய எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?”

நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை. விலை முடிந்துவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து அது நம் சரக்கு. அதை ஒரு வார்த்தை குறைத்துப் பேச மாட்டோம்.

“அப்ப என்னைய இன்னும் வெலை பேசிட்டுத்தான் இருக்கீங்களா? ரசத்துல புளி பத்துல, சுடிதாரு நர்ஸு மாதிரி, நடை வாத்து மாதிரி. கலியாணம் முடிஞ்சு பையனுக்கே கலியாண வயசு வந்துருச்சுங்க. இன்னுமா வெலை முடியல?”

எத்தனையோ தோப்புக்காரர்களை நான் பேச்சில் மடக்கியிருக்கிறேன். என்னை ஒருத்தர் மடக்கி நான் நின்றது அன்றைக்குத்தான். அதுவும் என் தொழிலை வைத்தே மடக்கினாள்.

தொப்பிக்கார வியாபாரியே என்னை டவுனில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. மத்தியானம் பையை மாட்டிக்கொண்டு படகுக்கு நடந்தேன். அந்த அம்மாளும் வீட்டுக்காரியும் வழியனுப்ப வந்தார்கள். படகில் ஏறி உட்கார்ந்தேன். மோட்டாரை இழுக்கப் போகிற நேரத்தில் வீட்டுக்காரி திரும்பித் தோப்பைப் பார்த்தாள். கிளையில், காலையில் தொப்பி தொங்கிய அதே இடத்தில், என் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“துண்ட உட்டுட்டுப் போறீங்க” என்றாள்.

மறந்துவிட்டேன் என்றேன். அவள் முதலமடையில் மாங்காய் வியாபாரியோடு குடும்பம் நடத்துகிறவள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். தொப்பிக்காரனும் துண்டைப் பார்த்துவிட்டு மோட்டாரிலிருந்து கையை எடுத்துவிட்டான், அவனுக்கா தெரியாது?

“வந்து எடுத்துக்கறதுன்னா வெலையச் சொல்லிட்டு எடுத்துக்கோங்க” என்றாள்.

என்ன விலை என்று எனக்குத் தெரியும். கரையில் இறங்கினேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எத்தனையோ பேச்சுப் பேசின வாய், நல்லதாக ஒன்றைச் சொல்ல அப்படித் தடுமாறும் என்று நான் நினைக்கவே இல்லை. கடைசியில் அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “நீ இல்லாட்டி நான் பாங்காக் ஏர்போர்ட்டு வாசலத் தாண்டியிருக்க மாட்டேன் புள்ள. சுடிதாரு உனக்கு நல்லாத்தான் இருக்குது.”

சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பாழாய்ப்போன பெண் குரல் வியட்நாம் பாஷையில் முழங்கியது. போனை அவள் துப்பட்டாவுக்குள் மறைத்துப் பிடித்து வைத்திருந்தாள். அந்த அம்மாள் கை தட்டினார். தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தான். பக்கத்துப் படகில் மீன் கூடை வைத்திருந்த யாரோ ஒரு பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டிக்கெட் காசு வீணாகப் போயிற்றே என்று கேட்டேன். “போட்டிருந்தாத்தானுங்க வீணாப் போறதுக்கு” என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். அவள் டிக்கெட் போடவே இல்லை. இத்தனை வருஷம் என்னோடு இருந்து தொழிலை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

கம்போடியாவை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். மரம் பூக்கும் முன்னால் சொன்னபடி ஊர் வந்து சேர்ந்தோம். சாயக்கடையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்துவிட்டு, டீ நன்றாக இருக்கிறது என்றேன். கடைக்காரர் பதறிப்போய், ஏதாவது தப்பாகிவிட்டதா, இனி வேறு கடைக்குப் போகப் போகிறேனா என்று கேட்டார். தோப்புகளில் இன்னும் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அது தொழில். வீட்டில் மட்டும் ரசம் நன்றாக இருக்கும் நாளில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொன்னபோது அவள் கரண்டியை வைத்துவிட்டு, “ஏனுங்க, சரக்க ஆருக்காச்சும் வித்துப் போடலாம்னு இருக்கீங்களா?” என்று கேட்டாள்.

விற்கப் போவதும் இல்லாமல், வாங்கப் போவதும் இல்லாமல் ஒன்றை நல்லது என்று சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரிய நாலு நாடு போக வேண்டியிருந்தது. இப்போதும் சோற்றுக்கு முன்னால் வாய் உதட்டைப் பிதுக்கப் பார்க்கும்போதெல்லாம், கை தானாகப் போய்த் தோளில் துண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிறது.